ஃபான் யாவ்: விசுவாசத்தின் விலையைக் கொடுத்தது யார்? – சீன வீரக்கதைத் துணைப்பாத்திரம் ஒன்றை ஆராய்தல்



'துணைக்கதைப்பாத்திரம் ஒன்றின் பண்புநலன்களை ஆராய்க' என்று வினா வந்தால் நம் மாணவர்களிடம் அதற்கு ஓர் அச்சு தயாராக இருக்கும். 'இவர் விசுவாசமானவர். சான்றாக... மேலும், இவர் மதிநுட்பம் மிக்கவர். சான்றாக... ஆகவே, இவர் ஒரு சிறந்த துணைக்கதைப்பாத்திரமாக விளங்குகிறார்.' இதில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் இதே விடை எந்த நாவலுக்கும் பொருந்திவிடும். எந்த நாவலுக்கும் பொருந்தும் விடையில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

விசுவாசத்தையும் மதிநுட்பத்தையும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து எழுதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தலைவனுக்காகத் திட்டம் போடும் ஒரு துணைவரிடம் இவ்விரண்டும் பிரியாமல் கிடக்கின்றன. அவருடைய ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுத்தார் என்று கேட்கும்போதுதான் அந்தப் பாத்திரம் நமக்கு உண்மையாகப் புரிகிறது.

இதை விளக்க, பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே உள்ளவர் என்பதால் மனப்பாடம் செய்த விடை எதுவும் கைகொடுக்காது. நாமே யோசித்தாக வேண்டும்.

ஊசியாவும் ஜின் யோங்கும்

சீன மொழியில் 'ஊசியா' என்றொரு கதைவகை உண்டு. தற்காப்புக்கலை தெரிந்த வீரர்கள், அரசுச் சட்டத்துக்கு அப்பால், தங்களுக்கென்று ஓர் அறநெறி வைத்துக்கொண்டு வாழும் உலகத்தைச் சொல்வது. அந்த உலகத்துக்கு 'ஜியாங்ஹூ' என்று பெயர். 'ஆறுகளும் ஏரிகளும்' என்பது அதன் நேர்ப்பொருள். அங்கே எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கப்படும் பண்பு 'யீ'. கொடுத்த சொல்லுக்கும் சேர்ந்த கூட்டத்துக்கும் உண்மையாக இருப்பது என்று தோராயமாகச் சொல்லலாம்.

இந்த வகையில் அதிகம் வாசிக்கப்பட்ட எழுத்தாளர் ஜின் யோங். 1924-இல் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் பிறந்து, ஹாங்காங்கில் வாழ்ந்து, 2018-இல் மறைந்தவர். இயற்பெயர் சா லியாங் யோங். 1955-இல் முதல் தொடரைத் தொடங்கினார். 1972-இல் கடைசித் தொடரை முடித்தார். ஒரு குறுநாவலையும் சேர்த்து மொத்தம் 15 கதைகள். எல்லாம் நாளிதழிலும் வார இதழிலும் தொடராக வந்தவை.

நம் வட்டாரத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிங்கப்பூரின் 'ஷின் மின்' நாளிதழை 1967-இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஜின் யோங். மற்றவர் லியோங் யூன் சீ. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் நம் வீடுகளில் எடுக்கும் கோடாலி தைலத்தின் நிறுவனர் அவர்தான்! தொலைக்காட்சி நாடகங்கள் வழியாகவும் இந்தக் கதைகள் இங்கே பரவின. உங்கள் சீன நண்பரின் அம்மாவிடம் 'சாங் வூஜி தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். டோனி லியோங் நடித்த 1986-ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

மதியூகித் துணைவர் என்னும் மரபு

தலைவனுக்குப் பக்கத்தில் நின்று திட்டம் தீட்டும் துணைவர் சீனக் கதைகளுக்குப் புதியவர் இல்லை. மூன்று அரசுகள் காலத்து அமைச்சர் ஜூகே லியாங்தான் எல்லாருக்கும் முன்மாதிரி. ஜின் யோங்கின் முதல் நாவலிலேயே செம்மலர்ச் சங்கத்தின் ஏழாம் தலைவர் சூ தியன்ஹோங்குக்கு 'வீர ஜூகே' என்ற பட்டப்பெயர் உண்டு. குள்ளமான உருவம், ஆனால் சங்கத்தின் மூளை அவர்.

இதற்கும் முன்னால், ஆங்கிலத்தில் 'வாட்டர் மார்ஜின்' என்று அறியப்படும் பழைய நாவலில் ஊ யோங் வருகிறார். 108 வீரர்கள் கூடிய லியாங்ஷான் கோட்டைக்கு அவர்தான் திட்டமிடுபவர். லூ ஜுன்யீ என்ற செல்வந்தரைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தலைவர் சோங் ஜியாங் ஆசைப்படுகிறார். ஊ யோங் ஜோதிடர் வேடத்தில் போய், அந்தச் செல்வந்தரின் வீட்டுச் சுவரிலேயே ஒரு கவிதையை எழுத வைக்கிறார். வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'லூ ஜுன்யீ கலகம் செய்கிறான்' என்ற பொருள் வருகிறது. அந்த மனிதர் வீட்டை இழந்து, சிறைப்பட்டு, சாவின் விளிம்புவரை போய், கடைசியில் வேறு வழியின்றிக் கோட்டைக்கு வந்து சேர்கிறார். தலைவரின் ஆசை நிறைவேறியது. ஆனால் விலை கொடுத்தவர் ஊ யோங் இல்லை, லூ ஜுன்யீ. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மரபில் வந்து, இதே கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்பும் பாத்திரம்தான் ஃபான் யாவ்.

கதைப்பின்னணி

ஃபான் யாவ் வரும் நாவல் 'யீதியன் தூலோங் ஜி'. 'விண்வாளும் டிராகன் வாளும்' என்று சொல்லலாம். 1961 முதல் 1963 வரை, ஜின் யோங் தாமே நிறுவிய 'மிங் பாவ்' நாளிதழில் தொடராக வந்தது. சீனாவை மங்கோலியர் ஆண்ட யுவான் அரசமரபின் கடைசி ஆண்டுகளில் கதை நடக்கிறது. 1368-இல் மிங் அரசமரபை நிறுவிய சூ யுவான்சாங் இதில் ஒரு பாத்திரமாகவே வருகிறார்.

கதையின் நடுவே மிங் சமயக் குழு இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த மானி சமயத்தின் வழியில் அமைந்த, மங்கோலிய ஆட்சியை எதிர்க்கும் குழு. தலைவருக்கு அடுத்த நிலையில் இரண்டு ஒளித்தூதர்கள்: இடத்தூதர் யாங் சியாவ், வலத்தூதர் ஃபான் யாவ். அவர்களுக்குக் கீழே நான்கு காவல் அரசர்கள், பிறகு பல படைப்பிரிவுகள்.

ஒருநாள் தலைவர் யாங் திங்தியன் திடீரென்று காணாமல் போகிறார். அவர் இறந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த தலைவர் யார் என்ற சண்டையில் குழு துண்டுதுண்டாக உடைகிறது. ஒரு காவல் அரசர் பிரிந்துபோய்த் தனிக்குழுவே தொடங்கிவிடுகிறார். ஆண்டுகள் பல கழிந்து சாங் வூஜி என்ற இளைஞன் தலைவனாகும்வரை இந்த நிலை நீடிக்கிறது.

முதல் முடிவு: பதவியை விட்டு விலகுதல்

தலைவர் இருக்கை காலியாக இருக்கிறது. வலத்தூதராகிய ஃபான் யாவ் அதற்கு மிக அருகில் இருப்பவர். அவரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரை வைத்து ஆள்சேர்க்கவும் சிலர் அலைகிறார்கள். அவரோ போட்டிக்கே வரவில்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பித் தனியாகத் தேடிக்கொண்டு போகிறார். பிச்சைக்காரர் சங்கத்தார்மேல் சந்தேகம் வந்து, அவர்களில் பலரைப் பிடித்துத் துன்புறுத்தி விசாரிக்கிறார். குற்றமற்றவர்கள் பலர் அதில் மாண்டார்கள் என்பதையும் நாவல் மறைக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் தேடும் தலைவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். அவருடைய விசுவாசத்தைப் பெற்றுக்கொள்ள ஆளே இல்லை; பாராட்டவும் பரிசளிக்கவும் யாரும் இல்லை. ஒரு துணைவரின் விசுவாசம் சுயநலமற்றதா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த சூழ்நிலை கிடைக்குமா? அதே நேரத்தில், அந்தத் தூய விசுவாசமே அப்பாவிகளின் உயிரையும் பறித்திருக்கிறது. இரண்டையும் ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இரண்டாம் முடிவு: முகத்தை அழித்தல்

ஒருநாள் தலைநகர் தாதுவில் (இன்றைய பெய்ஜிங்) செங் குன் என்பவரைப் பார்க்கிறார். பழைய தலைவரின் மனைவிக்கு மூத்த சகமாணவர் இவர். குழுவின் மறைமுக எதிரி. பின்தொடர்ந்து போனால், குழுவை அழிக்க அவர் மங்கோலிய இளவரசர் ரூயாங்கின் ஆட்களோடு சேர்ந்து சதி செய்வது தெரிய வருகிறது. சதியின் முழு வடிவம் தெரிய வேண்டுமானால் அரண்மனைக்குள் நுழைய வேண்டும். ஆனால் செங் குன்னுக்கு ஃபான் யாவின் முகம் நன்றாகத் தெரியும்.

அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள்.

1. தன் முகத்தைத் தானே கத்தியால் கீறிச் சிதைத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் பேரழகர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

2. தலைமுடிக்குச் சாயம் பூசி, முடி வளர்த்த நாடோடித் துறவியாக மாறுகிறார்.

3. பேச்சை நிறுத்திவிடுகிறார். அன்றிலிருந்து அவர் ஊமை.

4. நேராக அரண்மனைக்குப் போகாமல் மேற்கே குவாரஸ்ம் நாட்டுக்குப் போகிறார். அங்கே தன் வீரத்தைக் காட்டி, அந்நாட்டார் மங்கோலிய இளவரசருக்கு அனுப்பும் அன்பளிப்பாக, 'கூ தோதுவோ' என்ற பெயரில் அரண்மனைக்குள் வந்து சேர்கிறார்.

நான்காவது படியில்தான் அவருடைய மதிநுட்பம் வெளிப்படுகிறது. தெருவிலிருந்து வேலை கேட்டு வரும் வீரனைச் சந்தேகிப்பார்கள். வெளிநாடு அனுப்பிய அன்பளிப்பை யார் சந்தேகிப்பார்? எதிரியே தன்னை வரவேற்று உள்ளே அழைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்.

ஊமை வேடமும் வெறும் வேடம் இல்லை. பேசினால் குரலும் வட்டார வழக்கும் காட்டிக்கொடுக்கும். தவிர, ஊமையின் முன்னால் மனிதர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள், இல்லையா?

பெயரையும் கவனியுங்கள். 'கூ' என்றால் கசப்பு, துயரம். 'தோதுவோ' என்பது 'தூத' என்ற வடமொழிச் சொல்லின் சீன ஒலிபெயர்ப்பு. உதறித் தள்ளுதல் என்பது அதன் பொருள். பௌத்தத்தில் உலகப் பற்றுகளை உதறிய துறவியைக் குறிக்கும். அழகு, பெயர், பதவி, பேச்சு எல்லாவற்றையும் உதறியவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. அந்த வேடத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் வாழ்கிறார்.

இதுவரை விலை கொடுத்தவர் அவரே. ஊ யோங்கிலிருந்து அவர் வேறுபடும் இடம் இது.

மூன்றாம் முடிவு: மூன்று உயிர்கள்

அரண்மனைக்குள் வந்தாலும் நம்பிக்கையைப் பெற வேண்டுமே? அதற்காகத் தாதுவின் கடைத்தெருவில், பலர் பார்க்க, மிங் குழுவின் பொறுப்பாளர்கள் மூவரைத் தம் கையாலேயே கொல்கிறார். அவர்கள் அவருடைய சொந்தச் சகோதரர்கள். தங்களைக் கொல்பவர் தங்கள் வலத்தூதர் என்று தெரியாமலே அவர்கள் சாகிறார்கள்.

வகுப்பில் இந்தக் கட்டத்தைச் சொன்னால் ஒரு கேள்வி உறுதியாக வரும்: 'டீச்சர், அப்படின்னா அவரு நல்லவரா, கெட்டவரா?' அதற்கு உடனே பதில் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பரிந்துரை. நாவல் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சக உறுப்பினரைக் கொல்வது மிங் குழுவின் ஐந்து பெரும் தடைகளில் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேல் தலைமைக்காகக் கடுமையாக மோதிக்கொண்ட யாங் சியாவும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் கொன்றதில்லை. பதவிக்காகச் சண்டை போட்டவர்கள் தடையை மீறவில்லை. பதவியே வேண்டாம் என்று விலகியவர் மீறிவிட்டார். சுயநலக்காரர்கள் கை சுத்தமாக இருக்கிறது. தியாகியின் கையில் இரத்தம்.

சாங் வூஜி தலைவனாகித் தாதுவுக்கு வந்தபோது ஃபான் யாவ் உடனே காலில் விழவில்லை. முதலில் மோதிப் பார்க்கிறார். இந்த இளைஞன் தலைமைக்குத் தகுதியானவன்தானா என்று சோதித்து உறுதியான பிறகே மண்டியிட்டுத் தன் பெயரைச் சொல்கிறார். பல ஆண்டுகள் பேசாததால் குரல் இயல்பாக வரவில்லை. அப்போது அவர் தன் தியாகத்தைப் பட்டியல் போட்டுப் பெருமை பேசலாம். மாறாக, அந்த மூன்று கொலைகளையும் தானாகவே சொல்லித் தண்டனை கேட்கிறார். தன்மேலேயே வாளை ஓங்குகிறார். சாங் வூஜிதான் தடுக்கிறான். குழுவுக்காகச் செய்தது என்று மன்னிக்கிறான்.

தலைவன் மன்னித்துவிட்டான், சரி. ஆனால் மன்னிக்கும் உரிமை உண்மையில் யாருக்கு? அந்த மூவருக்குத்தானே? அவர்கள் உயிரோடு இல்லை. ஜின் யோங் இதை விரித்து உபதேசம் செய்யவில்லை. அந்த மௌனத்தை வாசகரிடம் விட்டுவிடுகிறார். நல்ல விடை எழுதும் மாணவர் நிற்க வேண்டிய இடம் இது.

கோபுரத் திட்டம்: மதிநுட்பம் எப்படி இயங்குகிறது?

ஆறு பெரிய வீரப்பள்ளிகளின் ஆட்களை இளவரசரின் மகள் சாவ் மின் சிறைப்பிடித்து, தாதுவின் வான்ஆன் கோயிலில் 13 அடுக்குக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறாள். உடல்வலிமையை முடக்கும் ஒரு பொடியை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாற்று மருந்து கிடைத்தால்தான் அவர்கள் தப்ப முடியும். நஞ்சையும் மருந்தையும் காப்பவர்கள் சுவான்மிங் முதியோர் எனப்படும் இரு வல்லவர்கள். நேருக்கு நேர் மோதினால் ஊரே விழித்துக்கொள்ளும்.

ஃபான் யாவ் வாளை எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் வாய்மூடிப் பார்த்ததைப் பயன்படுத்துகிறார். இருவரில் ஒருவருக்கு மது, மற்றவருக்குப் பெண்ணாசை. மருந்து அப்போது இரண்டாமவரிடம் இருக்கிறது. அவர் கண் வைத்திருந்த பெண் இளவரசரின் துணைவியரில் ஒருத்தி. அவளை அரண்மனையிலிருந்து தூக்கி வந்து அந்த முதியவரின் படுக்கையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு மிரட்டல் எளிது: 'இளவரசருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?' கூடவே ஒரு பொய்யையும் சேர்க்கிறார். சிறையில் இருக்கும் ஏமெய் பள்ளித் தலைவியான துறவிப் பெண்மணி தன் பழைய காதலி என்றும், அவருடைய மாணவி தங்கள் மகள் என்றும் கதை கட்டுகிறார். ஏன் இந்தப் பொய்? காரணமில்லாமல் ஓர் அரண்மனை ஊழியன் கைதிகளை விடுவிக்க நினைத்தால் சந்தேகம் வரும். பாசம் என்று சொன்னால் நம்புவார்கள்.

மருந்து கைக்கு வருகிறது. ஆனால் திட்டம் முழுதாக நடக்கவில்லை. காணாமல் போன பெண்ணைத் தேடி இளவரசரின் மகன் படையோடு வந்து கோபுரத்துக்குத் தீ வைக்கச் சொல்கிறான். அதாவது, திட்டத்தின் முதல் கருவியே திட்டத்துக்கு எதிராகத் திரும்புகிறது. கடைசியில் கோபுரத்திலிருந்து குதிப்பவர்களைக் கீழே நின்று தன் கலையால் தாங்கிக் காப்பாற்றுவது சாங் வூஜி.

இங்கே இரண்டைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, துணைவரின் அறிவும் தலைவனின் ஆற்றலும் ஒன்றை ஒன்று நிறைவு செய்கின்றன. துணைக்கதைப்பாத்திரத்தின் கதைப்பணி இதுதான். மற்றொன்று, இங்கும் விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஒழுக்கமே உயிராக வாழ்ந்த துறவியின் பெயருக்கு ஒரு பொய்யால் களங்கம் வந்தது.

சாவ் மின்: விசுவாசத்தின் மறுபக்கம்

ஃபான் யாவைச் சாதாரண ஒற்றனாக விடாமல் முழு மனிதனாக்குவது சாவ் மின்னுடனான உறவு. எதிரியின் மகள், ஆனால் அவருக்கு மாணவி மாதிரி. கூ ஆசானே என்று மரியாதையோடு அழைத்தவள். குழுவின் வேலை முடிந்த பிறகு அவர் சொல்லாமல் மறைந்திருக்கலாம். ஒற்றர்கள் அப்படித்தான் போவார்கள். இவரோ அவள்முன் வந்து, தான் யார், எதற்காக வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, அவள் காட்டிய மரியாதைக்காக முறைப்படி விடைபெறுகிறார்.

பின்னர் சாங் வூஜியின் திருமணக் கூடத்தில் சாவ் மின் தனியாக வந்து நிற்கும்போது முன்னால் போய்த் தடுப்பவரும் இவரே. மிரட்டவில்லை; உலகில் எல்லாம் நினைத்தபடி நடக்காது, வலிந்து பெற முடியாது என்ற பொருளில் ஒரு பெரியவர்போல் ஆறுதல் சொல்கிறார். அவள் கேட்கவில்லை, வலிந்தே பெறுவேன் என்கிறாள். சீன வாசகர்கள் இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழும் காட்சி இது.

ஃபான் யாவ் குழுவுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் பொய்யான பெயரில் வாழ்ந்த ஆண்டுகளில் உண்மையான ஒரு பாசம் உருவாகிவிட்டது. அதையும் அவர் மறுக்கவில்லை. விசுவாசம் என்பது மற்ற எல்லா உணர்வையும் கொன்றுவிடுவது என்று நினைக்கும் மாணவருக்கு இது நல்ல மாற்றுச் சான்று.

தேர்வு விடைக்கு எப்படிப் பயன்படுத்துவது?

இதைப் படித்துவிட்டு ஃபான் யாவைத் தேர்வுத்தாளில் எழுதச் சொல்லவில்லை! உங்கள் பாடநூலில் உள்ள துணைக்கதைப்பாத்திரத்திடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இவர் யாருக்கு அல்லது எதற்கு விசுவாசமாக இருக்கிறார்? தலைவனுக்கா, குழுவுக்கா, கொள்கைக்கா? ஃபான் யாவ் புதிய தலைவனைச் சோதித்த பிறகே ஏற்றார். ஆகவே அவருடைய விசுவாசம் குழுவுக்கும் அதன் நோக்கத்துக்கும் உரியது என்று வாதிடலாம்.

இரண்டாவது, அந்த விசுவாசத்தால் இவருக்கு என்ன கிடைத்தது, எதை இழந்தார்?

மூன்றாவது, இவருடைய திட்டத்துக்கு இவரைத் தவிர வேறு யார் விலை கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, இவர் இல்லாவிட்டால் முதன்மைக் கதைப்பாத்திரம் எங்கே தடுக்கி நின்றிருக்கும்?

இப்போது இரண்டு பத்திகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

*பத்தி அ:* ஃபான் யாவ் விசுவாசமானவர். அவர் தன் குழுவுக்காக முகத்தைச் சிதைத்துக்கொண்டார். மேலும், அவர் மதிநுட்பம் உடையவர். அவர் ஊமையாக நடித்து எதிரியின் அரண்மனையில் நுழைந்தார்.

*பத்தி ஆ:* ஃபான் யாவின் விசுவாசம் அவருடைய திட்டங்களின் வழியாகவே வெளிப்படுகிறது. எதிரியின் அரண்மனையில் நுழைய அவர் முதலில் தன் முகத்தையும் குரலையும் இழக்கத் துணிகிறார். ஆயினும், நம்பிக்கையைப் பெறுவதற்காகத் தம் குழுவினர் மூவரைக் கொல்லும்போது அத்திட்டத்தின் விலை பிறர்மேல் விழுகிறது. தலைவனைக் கண்டதும் அக்கொலைகளைத் தாமே ஒப்புக்கொண்டு தண்டனை கேட்பது, அவ்விலையை அவர் மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. இதனால் அவர் குறையற்ற வீரராக இல்லாமல், தம் செயலின் சுமையைத் தாங்கி நிற்கும் மனிதராகப் படைக்கப்பட்டுள்ளார்.

இரண்டிலும் உள்ள கதைச்செய்திகள் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பத்தி பட்டியல் போடுகிறது. இரண்டாவதில் 'ஆயினும்' என்ற ஒரு சொல் வந்ததும் ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. துணைக்கதைப்பாத்திரம் பற்றிய விடையில் 'மேலும்' மட்டும் வந்துகொண்டே இருந்தால், ஒரு தடவையாவது 'ஆயினும்' போட இடம் உண்டா என்று தேடிப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது இந்தக் கதையைத் துணைக்கு அழைக்கலாம். துறவி வேடம் பூண்டு, நுழைய முடியாத இடத்தில் நுழைந்து ஆராய்ந்து, யார் என்ன செய்தாலும் தளராதவனே ஒற்றன் என்று அந்த அதிகாரத்தின் ஆறாம் குறள் சொல்கிறது. 'கூ தோதுவோ'வின் கதையைக் கேட்ட மாணவருக்கு அந்தக் குறளின் ஒவ்வொரு சொல்லும் கண்முன் நிற்கும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று சொல்லிவிட வேண்டாம். பொருத்திப் பார்க்க மட்டும் போதும்.

ஜின் யோங் தம் நாவல்களைப் பிற்காலத்தில் திருத்தி வெளியிட்டிருக்கிறார். தொலைக்காட்சித் தொடர்களோ தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. ஆகையால் மாணவர் தொடரில் பார்த்ததும் நூலில் உள்ளதும் மாறுபட்டால் குழம்ப வேண்டாம். அந்த மாறுபாட்டையே ஒரு கலந்துரையாடலாக ஆக்கலாம்.

கலந்துரையாடல் வினாக்கள்

1. பதவிக்காகச் சண்டையிட்டும் சகோதரரைக் கொல்லாத யாங் சியாவ், பதவியைத் துறந்தும் சகோதரரைக் கொன்ற ஃபான் யாவ்: இருவரில் குழுவின் நெறிக்கு உண்மையாக இருந்தவர் யார்? காரணம் கூறுக.

2. சாங் வூஜி ஃபான் யாவை மன்னித்தது சரியா? இறந்த மூவரில் ஒருவரின் மகன் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? 100 சொற்களில் எழுதுக.

3. ஊ யோங், ஃபான் யாவ் இருவரின் திட்டங்களிலும் விலை கொடுத்தவர்கள் யார் யார்? ஓர் அட்டவணை தயாரிக்க.

4. உங்கள் பாடநூல் நாவலில் வரும் துணைக்கதைப்பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள நான்கு கேள்விகளுக்கும் விடை காண்க. 'ஆயினும்' என்ற சொல் இடம்பெறும்படி ஒரு பத்தி எழுதுக.

நேரம் குறைவாக இருந்தால் இரண்டாவது வினாவை மட்டுமாவது வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். அந்த மகனின் குரலில் எழுதத் தொடங்கும்போது, 'விசுவாசமானவர்' என்ற ஒற்றைச் சொல்லை மாணவர்கள் அத்தனை எளிதாக எழுதிவிட மாட்டார்கள்.